அதர்ஸில் போடு

எங்கள் அலுவலக ஃப்ரிட்ஜில் மூன்று தட்டுகள் இருந்தன. மேல் தட்டில் 'வெஜ்', நடுத்தட்டில் 'நான்வெஜ்', அடித்தட்டில் 'அதர்ஸ்' என்று எங்கள் மேலதிகாரியான அவளே எழுதி ஒட்டியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கொண்டுபோன கருவாட்டுக் குழம்பு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். மூடியை இறுக்கி மூடி, குனிந்து, அடித்தட்டில் வைத்தாள்.

"மீன்தானேக்கா? நான்வெஜ்ல வைக்கலாமே" என்றேன்.

"மீன்னா அது மீன். இது வேற. அதர்ஸ்ல இருக்கட்டும்."

அடித்தட்டில் ஏற்கெனவே ஒரு கண் சொட்டு மருந்தும், யாரோ மறந்துபோன காய்ந்த எலுமிச்சம்பழமும் இருந்தன. என் வீட்டுச் சாப்பாடு அவற்றோடு போய் உட்கார்ந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. பிறகு நடந்தவை அந்த வெறுப்புக்குக் காரணம் சேர்த்தனவே தவிர, குறைக்கவில்லை.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'தீதி'. வங்காள மொழியில் அக்கா. நானும் வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அவங்க இவங்க என்றுதான் பேசினேன். இப்போது 'அவள்' என்று எழுதும்போது கைக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது! பெயரையும் எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் அவள் மகிழ்ந்துபோவாள், அதுவும் பின்பாதியோடு சேர்த்து எழுதினால்.

அந்தப் பின்பாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் யாரைப் பார்த்தாலும் பெயருக்கு அடுத்தபடியாக 'டைட்டில்' என்ன என்று கேட்பார்கள். முகர்ஜி, போஸ், தாஸ் என்று ஏதாவது சொன்னால்தான் அவர்களுக்குப் பெயர் முடிந்த மாதிரி. அவளுடைய அப்பா மத்திய அரசு வேலைக்காக இங்கே வந்து, பெஹாலாவில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்து, தமிழ்நாட்டில் இப்போது யாரும் பெயரோடு சேர்த்துக்கொள்ளாத சாதிப் பெயரை எடுத்துப் பெயருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். மகள் அதைக் கழுத்துச் சங்கிலி மாதிரி போட்டுக்கொண்டு வளர்ந்தாள்.

என்னை நேர்காணல் செய்ததும் அவள்தான். என் படிப்பு, முந்தைய வேலை எதையும் கேட்பதற்கு முன்னால் கேட்டது இதை.

"ஹஸ்பண்டுக்கு எங்க வேலை?"

"ஹார்பர்லக்கா. தூத்துக்குடியில இருந்து மாத்திட்டாங்க."

"ஓ, டிரான்ஸ்ஃபர் பார்ட்டி."

கொல்கத்தாத் தமிழர்களை அவள் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். வீடு வாங்கித் தங்கியவர்கள் 'செட்டில்டு'. மளிகை, டிபன் கடை வைத்திருப்பவர்கள் 'ஷாப் பீப்பிள்'. என்னைப் போல அரசாங்கம் அனுப்பி வந்தவர்கள் 'டிரான்ஸ்ஃபர் பார்ட்டி'. மூன்றாவது வகைக்கு எதையும் முழுதாகச் சொல்லித்தரக் கூடாது, பெரிய பொறுப்பு தரக் கூடாது. எப்படியும் மூட்டை கட்டிவிடுவார்களாம். இதை என் முகத்துக்கு நேராகவே, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"டைட்டில்?"

"கிடையாதுக்கா. அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல்."

"இனிஷியல் டைட்டில் ஆகாது. சரி, அதர்ஸ்" என்று கணினியில் எதையோ தேர்ந்தெடுத்தாள். வேலை கிடைத்துவிட்டது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லிவிட்டேன்.

பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்ட முதியவர்களைப் பார்த்துக்கொள்வதற்கான ஆப் செய்தோம். இந்த ஊரில் அந்தத் தொழிலுக்கு ஆள் பஞ்சமே இல்லை. தெருவுக்கு நாலு வீட்டில் இரண்டு முதியவர்களும் பூட்டிய மூன்று அறைகளும்தான். முதியவர் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். அழுத்தினால் எங்கள் டெஸ்க்கில் மணி அடிக்கும், ஆம்புலன்ஸ் போகும். டெஸ்க்கில் மிதாலி என்ற பெண் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் பெண்களை இங்கே ஆயா என்பார்கள். டெஸ்க்குக்கும் ஆயாக்களுக்கும் திரையில் தெரியும் பட்டியலைச் செய்வது என் வேலை.

பட்டியல் என்றால் சும்மா பெயர்களை அடுக்குவதில்லை. நடுநடுவே தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு வரும். அதன் கீழே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த வரிகள். விரலால் தள்ளினால் வரிகள் ஓடும், தலைப்பு மட்டும் திரையின் உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த தலைப்பு வந்து முட்டித் தள்ளும்வரை. பார்வைக்குச் சின்ன வேலைதான். ஆனால் எதை வைத்துக் கூட்டம் பிரிக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. அதை முதலில் முடிவு செய்து, அதன்படி வரிசைப்படுத்திவிட்டுத்தான் தலைப்புப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தலைப்பு நாலு இடத்தில் முளைத்து நிற்கும்.

எங்கள் ஆப்பில் ஒரு தலைப்பு என்றால் ஒரு வீடு. தலைப்பில் பெரிதாக டைட்டில், அடியில் பொடி எழுத்தில் முகவரி. டைட்டிலும் முகவரியும் ஒன்றாக இருப்பவர்கள் ஒரு குடும்பம் என்று ஆப் சேர்த்துவிடும். டைட்டிலைத் தட்டச்சு செய்ய முடியாது, அவள் தயாரித்து வைத்திருந்த பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஆரம்பத்தில் அவரவர் இஷ்டத்துக்கு எழுதியபோது கணவர் முகர்ஜி என்றும் மனைவி அதன் நீண்ட வடிவமான முகோபாத்யாய் என்றும் பதிந்து, ஒரே வீடு இரண்டாகிவிட்டதாம். அதைச் சரிசெய்தவள் அவள்தான். அந்தப் பட்டியலில் வங்காள டைட்டில்கள் அத்தனையும் இருந்தன, கொஞ்சம் மார்வாடி, கொஞ்சம் பஞ்சாபி. தென்னிந்தியர்களுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. அது அவளுடையது.

பட்டியலில் டைட்டில் கிடைக்காதவர்கள் எல்லோரும் கடைசியில் 'அதர்ஸ்' என்ற தலைப்புக்குக் கீழே தனித்தனி வரிகளாக, ஆங்கில அகரவரிசையில் கிடப்பார்கள். அவர்களுக்கு வீடு கிடையாது.

தலைப்பு என்றால் அவளுக்கு உயிர். எழுத்தின் தடிமனோ அடியில் விழும் நிழலோ ஒரு நூல் மாறினாலும், உச்சியில் ஒட்டும்போது அசைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். வரிகளைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசி நான் கேட்டதில்லை. டெமோ காட்டும்போது வெளிநாட்டு மகன்கள் தங்கள் குடும்பப் பெயரைத் திரையின் உச்சியில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்வார்கள். "வீட்டு வாசல்ல நேம்பிளேட் பாக்கற மாதிரி இருக்கும் அவங்களுக்கு" என்பாள். உண்மைதான். வியாபாரம் அவளுக்குத் தெரியும்.

ஒருமுறை பவானிபூரில் ஒரு போஸ் வீட்டில் மனைவி இறந்தார், பிறகு கணவரும் இறந்தார். கீழே வரி எதுவும் இல்லாவிட்டால் தலைப்பும் மறையும்படிதான் நான் எழுதியிருந்தேன். யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். அவள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"போஸ் எங்க?"

"ரெண்டு பேரும் இல்லையேக்கா."

"ஆளு போனா டைட்டிலும் போயிடுமா? பையன் இருக்கான்ல கனடாவுல? திரும்பக் கொண்டா."

கொண்டுவந்தேன். தலைப்பில் 'போஸ்', பக்கத்தில் பூஜ்யம், கீழே வெறுமை. ஆயாக்கள் அந்த இடம் வந்தால் 'துர்கா துர்கா' என்று முணுமுணுத்துக்கொண்டு விரலை வேகமாகத் தள்ளுவார்கள். அந்த மகனிடமிருந்து நன்றி சொல்லி மெயில் வந்தபோது, அவள் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுதாள். எனக்கோ அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அதே பட்டியலில் உயிரோடு இருந்த இரண்டு பேருக்கு அவள் வீடு தர மறுத்திருந்தாள்.

அவர்கள் லேக் கார்டன்ஸில் இருந்தார்கள். சுடலைமுத்து அண்ணாச்சி அங்கே ரொம்ப வருடம் டிபன் கடை நடத்தி, முடியாமல் போனபின் விட்டுவிட்டவர். என் ஊர்ப் பக்கம்தான். அவர் மனைவி அன்னபுஷ்பத்துக்கு ஞாபகம் தவறிவிட்டது, கழுத்தில் தொங்கும் பொத்தான் எதற்கென்றும் தெரியாது. கதவு திறந்திருந்தால் 'கடையைத் திறக்கணும்' என்று கிளம்பிவிடுவார். அதனால் அண்ணாச்சி வெளியே போனால் கதவைப் பூட்டிக்கொண்டு போவார். துபாயில் இருந்த மகள்தான் இருவரையும் எங்களிடம் சேர்த்திருந்தாள். அண்ணாச்சிக்கு அவர் அப்பா பெயர் இனிஷியல், அம்மாவுக்கு அண்ணாச்சி பெயர் இனிஷியல். டைட்டில் இருவருக்கும் கிடையாது. எனவே அதர்ஸில் 'ஏ' எழுத்தில் அன்னபுஷ்பம் தனியாக, விரல் வலிக்கத் தள்ளினால் 'எஸ்' எழுத்தில் சுடலைமுத்து தனியாக.

நான் போய்ச் சொன்னேன்.

"அக்கா, இவங்க புருஷன் பொண்டாட்டி. ஒரே வீடு. ஆப்புல ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாம இருக்காங்க. டைட்டிலை விட்டுட்டு அட்ரஸை மட்டும் வெச்சு சேத்துடலாமே?"

"அட்ரஸைத் தலைப்புல பெருசாப் போட்டா கூரியர் கம்பெனி ஆப் மாதிரி இருக்கும்."

"நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இப்படித்தானேக்கா வரும்? உங்களுக்குத் தெரியாததா?"

"ஷோனோ" என்றாள். கேள் என்று அர்த்தம். கோபம் வந்தால் வங்காள மொழிக்குத் தாவிவிடுவாள். "எங்கப்பா இந்த ஊருக்கு வந்து ஒரு டைட்டில் வெச்சுக்கிட்டார்ல? இவங்களுக்கு என்ன கேடு? இத்தனை வருஷம் இங்க இருந்துட்டு இன்னும் இனிஷியலைத் தூக்கிட்டுத் திரிஞ்சா ஆப் என்ன பண்ணும்? அதர்ஸ்ல இருக்கட்டும். அங்க என்ன குறைச்சல்?"

என்ன குறைச்சல் என்று துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் தெரிந்தது.

அண்ணாச்சி காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடக்கப் போனார். பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சு வலித்தது. பொத்தானை அழுத்திவிட்டுச் சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் சரியாகவே போயிற்று, அங்கிருந்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் இன்னொரு முதியவர் இருந்தால் உடனே ஒரு ஆயாவை அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. மிதாலி பட்டியலைப் பார்த்தாள். அதர்ஸில் ஒற்றை வரி. தனியாள் என்று நினைத்துக்கொண்டாள். வேறு எப்படி நினைப்பாள்? துபாய் மகளுக்கும் தகவல் போயிற்று. அம்மாவிடம் விதிப்படி யாராவது போயிருப்பார்கள் என்று நம்பி அவள் விமானம் தேட ஆரம்பித்தாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது மதியச் சாப்பாட்டின்போதுதான். "உங்க ஊர் அங்கிள் ஒருத்தரை ஐசியூவுல சேத்திருக்கு" என்றாள் மிதாலி.

"அன்னபுஷ்பம் அம்மாகிட்ட யாரு இருக்கா?"

"உனி கே?" என்றாள். அது யார் என்று கேட்டாள்.

டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பந்தல் மூங்கில் தெருவை அடைத்திருந்ததால் ஆட்டோவை விட்டு இறங்கிப் பாதி வழி ஓட வேண்டியிருந்தது. எதிர்வீட்டு பௌதியைக் கூப்பிட்டேன், அண்ணியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவர் காலையிலிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டதாகவும், வழக்கமாகவே அந்த அம்மா தட்டுவார், அங்கிள் வந்தால் நின்றுவிடும் என்று இருந்துவிட்டதாகவும் சொல்லி அழுதார். பூட்டை உடைத்தோம்.

கதவுக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். சேலை ஈரம். தண்ணீர்க் குடம் கவிழ்ந்து கிடந்தது. தட்டித் தட்டி இரண்டு உள்ளங்கையும் சிவந்து வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும், "சாவி எங்கட்டி? ஆளுக வந்து நிக்காவ, கடையத் தொறக்கணும்லா?" என்றார்.

நான் போன் செய்திருந்ததால் அவளும் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டாள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அழுக்குத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். துண்டை நனைத்து அந்தக் கைகளில் ஒற்றிக்கொடுத்தாள். தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் புகட்டினாள். என்னைவிடப் பொறுமையாகச் செய்தாள். எனக்கே ஒரு நிமிடம் மனசு இளகியது. அப்புறம் கைகளைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, உங்க வீட்டுல ஏதாவது டைட்டில் உண்டா? மாமனார் சைடுல? யோசிச்சுப் பாருங்க."

அன்னபுஷ்பம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ யாரும்மா, இட்லியா தோசையா?" என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் ஒருவரை அறைந்துவிட வேண்டும் என்று தோன்றியது அந்த ஒரு முறைதான். பௌதி பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் மீட்டிங்கில் அவள் சொன்ன காரணம் 'டேட்டா என்ட்ரி'. பதியும்போது டைட்டில் கேட்டு வாங்காதது டெஸ்க்கின் தவறாம். மிதாலிக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. நான் எழுந்து, இதை முன்பே சொன்னதையும், அப்போது என்ன பதில் கிடைத்தது என்பதையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் என்னை இடைமறிக்கவே இல்லை. முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டாள்.

"குட் பாயின்ட். நேத்து சாயங்காலமே அவங்க ரெண்டு பேரையும் ஒரே வீடா ஆக்கிட்டேன். இஷ்யூ க்ளோஸ்டு. நெக்ஸ்ட்."

எப்படி ஆக்கினாள் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. மிதாலியின் கடிதத்தைத் திரும்பப் பெற வைப்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன். அதுவும் நடக்கவில்லை.

அண்ணாச்சி பிழைத்து வீடு திரும்பினார். மகள் வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போனாள். அதற்குள் என் கணவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. அவளிடம் சொன்னபோது, அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே!

"பாத்தியா? முதல் நாளே சொன்னேன்ல, டிரான்ஸ்ஃபர் பார்ட்டி."

அவள் சொன்னபடியே நான் நடந்துகொண்டுவிட்டேன் என்பதுதான் இன்றுவரை ஆறாத எரிச்சல்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் லேக் கார்டன்ஸ் வீட்டுக்குப் போனேன். அன்னபுஷ்பம் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கைகள் ஆறிவிட்டிருந்தன. அண்ணாச்சி காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார்.

"ஏ தாயி, ஒன் கம்பெனி ஆப்புதான். மேல பெருசா ஒரு பேரு போட்டிருக்கு பாரு. இது யாரு வீட்டுப் பேரு?"

பார்த்தேன். திரையின் உச்சியில் தடித்த எழுத்தில், நிழலோடு, அவளுடைய சாதிப் பெயர். அதன் கீழே சுடலைமுத்து ஒரு வரி, அன்னபுஷ்பம் ஒரு வரி. பட்டியலில் தென்னிந்தியர்களுக்கு இருந்த ஒரே டைட்டிலை எடுத்து இவர்கள் தலையில் கவிழ்த்துவிட்டாள். தள்ளிப் பார்த்தேன். அது அசையாமல் உச்சியில் நின்றது.

அங்கேயே அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாதானே இருக்காங்க? அதுதானே நீ கேட்ட?"

அண்ணாச்சி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வணக்கம்மா. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பிய. ஆனா இது எங்க பேரு இல்லம்மா."

"அது சும்மா ஒரு டைட்டில் அங்கிள். என்னோடதுதான்." அந்தக் கடைசிச் சொல்லில் தன் சால்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டது மாதிரி ஒரு பெருந்தன்மை.

"கடை போட்டப்பவே நாலு பேரு சொன்னாவ. போர்டுல அந்தப் பேரை எழுது, சுத்தமான சைவக் கடைன்னு வங்காளி நம்பி வருவான்னு. நான் எழுதல. டிபன் கடைன்னு மட்டும் எழுதினேன். வந்தவுக வந்தாவ, வராதவுக போனாவ. அதை வெச்சுத்தான் எம் மகளைப் படிக்க வெச்சேன். இப்ப போற காலத்துல எனக்கெதுக்கும்மா ஒங்க பேரு? எடுத்துடுங்க."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்திருந்தால்கூட அவளை ஒரு மனுஷியாக மதித்திருப்பேன். அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்போ மறுபடி அதர்ஸ்லயே போட்டுடவா அங்கிள்?" என்றாள். கேலி இல்லை. உதவி செய்யும் குரலில், அன்போடு கேட்டாள்.

அண்ணாச்சி ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தார். அன்னபுஷ்பம் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"போடுங்கம்மா. எங்க வேணா போடுங்க. ஆனா ரெண்டு பேரையும் சேத்துப் போடுங்க."

"ஷியூர் அங்கிள்."

அன்று மாலையே செய்துவிட்டாள். மூட்டை கட்டுவதற்கு நடுவில் போனில் திறந்து பார்த்தேன். அதர்ஸ் தலைப்பின் கீழே, 'ஏ' எழுத்தில் அன்னபுஷ்பம் என்ற வரி இல்லை. 'எஸ்' எழுத்துவரை தள்ளிக்கொண்டே போனேன். 'சுடலைமுத்து +1' என்று இருந்தது. இனிமேல் டெஸ்க்கில் யார் இருந்தாலும் அந்த வீட்டில் இன்னொரு ஆள் உண்டு என்று தெரிந்துவிடும், ஆயாவும் போய்விடும். வேலையில் மட்டும் அவளைக் குறை சொல்லவே முடியாது.